நாலாவது இன்ச்

சபியா மூன்றாவது முறையாக எழுந்தாள். மூன்றாவது முறையும் அப்சானா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"எங்கக்கா போறீங்க? சனம் வர்ற நேரம். நீங்க பாட்டுக்கு எந்திரிச்சு எந்திரிச்சுப் போனா பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?"

அப்சானா, கொழுந்தன் அனீஸின் மனைவி. தங்கமானவள்தான். ஆனால் மௌத்து வீட்டில் யார் எந்த மூலையில் உட்கார வேண்டும், எப்போது அழ வேண்டும், எப்போது வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் ஆண்டவன் தன்னிடம்தான் ஒப்படைத்திருக்கிறான் என்பதுபோல நடந்துகொள்வாள். கூடத்தில் பெண்கள் பாய் நிறைய உட்கார்ந்து குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்கள். உள்ளறைக் கட்டிலில் உமர் பாரூக் வெள்ளைத் துப்பட்டியின் கீழ்க் கிடந்தார். விடியக்காலை தொழுதுவிட்டு வந்து, "கொஞ்சம் சாயுறேன், ஏழுக்கு எழுப்பு" என்று படுத்தவர். ஏழுக்குச் சபியா எழுப்பினாள். சொன்ன நேரம் தவறாத மனுஷன் இன்றைக்குத் தவறிவிட்டார்.

இப்போது ஒன்பதரை. மகள் நுஸைபா நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறிவிட்டாள். அவள் வந்து முகம் பார்த்ததும் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி, சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று அனீஸ் பள்ளிவாசலில் சொல்லிவிட்டான். நெல்பேட்டையில் ஒரு மௌத்து என்றால் யாரும் யாரையும் ஏவ வேண்டியதில்லை. நாற்காலி வந்துவிட்டது, பந்தல் துணி வந்துவிட்டது, பக்கத்து வீட்டிலிருந்து காபியும் வந்துவிட்டது. எல்லாம் தன்னால் நடந்துகொண்டிருந்தது. சபியாவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

கால் மணி நேரத்துக்கு முன்புவரை அவள் மற்றவர்களைப்போல உட்கார்ந்துதான் இருந்தாள். அப்போது முத்துக்குமரன் வந்தார். அலங்காநல்லூருக்கு வடக்கே தோட்டமும் மாட்டுக் கொட்டகையும் வைத்திருப்பவர். அந்தக் கொட்டகையில்தான் உமர் பாரூக் ஆறு நாளாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் அனீஸின் கையைப் பிடித்துக்கொண்டு முத்துக்குமரன் பேசியது ஜன்னல் வழியாகச் சபியாவின் காதில் அப்படியே விழுந்தது.

"நேத்துச் சாயங்காலம் கூட நல்லாப் பேசிட்டுத்தானே அண்ணே போனாரு. என்னத்தைச் சொல்ல. கொட்டாயி வேற முட்டு மேல நிக்குது. மேகம் கட்டுதேன்னு பக்கத்தூரு ஆசாரிய வரச்சொல்லிட்டேன். பாய் எல்லாத்தையும் அறுத்து வச்சுட்டுத்தான் போயிருக்காரு. மாட்ட வேண்டியதுதான். நான் போறதுக்குள்ள ஏத்திருவாங்க."

அப்போது பிடித்தது சபியாவுக்குத் தவிப்பு.

கொட்டகை பழசு. ஆறு வேங்கைக் கால்கள், அவற்றை இணைக்கும் உத்திரங்கள், மேலே நாட்டு ஓடு. முன்பக்கத்து உத்திரத்தைக் கரையான் உள்ளுக்குள்ளேயே தின்றுவிட்டது. பார்த்தால் மரம், தட்டினால் மாவு. சொந்தக்காரர்கள் எல்லாரும் மொத்தத்தையும் பிரித்துவிட்டு இரும்புக் குழாய் நட்டுத் தகரம் போடச் சொன்னார்கள். சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே நின்றால் மாடு வெந்துபோகும் என்று முத்துக்குமரனின் மனைவி தாமரைச்செல்வி ஒற்றைக் காலில் நின்றாள். உமர் பாரூக்கும் கால்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, உத்திரத்தை மட்டும் மாற்றினால் போதும் என்றார். கூரையை ஜாக்கி வைத்துத் தூக்கி, சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்தி, பழைய உத்திரத்தை உருவி எடுத்தார்கள்.

நிற்கிற இரண்டு கால்களுக்கு நடுவே புது உத்திரத்தைக் கோப்பது லேசான காரியமில்லை. கால்களை விலக்க முடியாது. உத்திரமோ இரண்டு காலையும் ஒட்டி உட்கார வேண்டும். அதனால் உமர் பாரூக், காலுக்குள் நுழைய வேண்டிய நாக்கை உத்திரத்தோடு சேர்த்து எடுக்காமல் தனித் துண்டாகச் செய்து, உத்திரத்தின் முனையில் வெட்டிய பள்ளத்துக்குள் ஒளித்துவைப்பார். உத்திரம் ஏறி நின்றதும் அந்த நாக்கைக் காலில் குடைந்த துளைக்குள் ஆறு இன்ச் தள்ளி, பின்னால் ஆப்பு அடித்து இறுக்குவார். இரண்டு பக்கமும் இப்படித்தான். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே ஒன்று: கால்களுக்கு நடுவே உள்ள தூரமும் உத்திரத்தின் நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அந்தத் தூரத்தை நேற்று அளந்தபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தது சபியா.

டேப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நுனிக் கொக்கியான மூக்கு ஆடிப்போய், முதல் மூன்று இன்ச்சில் எண்கள் தேய்ந்துபோன பழைய டேப். சபியா ஒருமுறை புதிதாக ஒன்று வாங்கியே கொடுத்தாள். அதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, "மூக்குதானே போச்சு, அறிவா போச்சு?" என்று இதையே வைத்துக்கொண்டார். ஓரத்தைப் பிடித்தால் மூக்கு ஆட்டம் காட்டும் என்பதால், நாலாவது இன்ச்சின் கோட்டைக் கட்டைவிரலால் மரத்தோடு அழுத்திப் பிடித்து, சத்தமாக "நாலு" என்று சொல்ல வேண்டும். எதிர்முனையில் அவர் படித்த எண்ணில் நாலைக் கழித்துக்கொள்வார். அப்புறம் "விடு" என்பார். அவர் சொல்லாமல் விடக் கூடாது. ஒருமுறை அவசரப்பட்டு விட்டதில் தகடு சீறிக்கொண்டு போய் அவர் புறங்கையைக் கிழித்துவிட்டது. வேலைக்கு வந்துகொண்டிருந்த ஆள் துபாய்க்குப் போன பிறகு, ஒன்பது வருஷமாக அந்த முனை அவள் கையில்தான். நாலு, விடு. நாலு, விடு. சில நாட்களில் புருஷன் பெண்டாட்டிக்குள் அதற்கு மேல் பேச்சே இருக்காது.

நேற்று அவள் கிழக்குக் காலருகே முக்காலியின் மேல் நின்று பிடித்தாள். கன்றுக்குட்டி ஒன்று வந்து அவள் முந்தானையைச் சப்ப ஆரம்பித்தது. ஒரு கையால் அதை விரட்டிக்கொண்டே மறு கையால் டேப்பைப் பிடித்தாள். அவர் மேற்குக் காலருகே நின்று "பதினோரடி ஏழு" என்று படித்தார். "விடு" என்றார். விட்டாள்.

"நாலு" என்று சொன்னாளா? நாலில்தான் பிடித்தாளா, கன்றோடு மல்லுக்கட்டியதில் ஓரத்தையே பிடித்துவிட்டாளா? கன்றின் நாக்கு முழங்கையில் சொரசொரவென்று பட்டது நினைவிருந்தது. கட்டைவிரல் எங்கே இருந்தது என்பது மட்டும் நினைவில் இல்லை. தலையைப் பிய்த்துக்கொண்டாலும் வரவில்லை.

ஓரத்தில் பிடித்திருந்தால், அவர் பழக்கதோஷத்தில் நாலைக் கழித்து அறுத்திருப்பார். உத்திரம் நாலு இன்ச் குட்டை. ஆறு இன்ச் உள்ளே போக வேண்டிய நாக்கு, நாலு இன்ச் இடைவெளியைத் தாண்டி இரண்டு இன்ச்தான் காலைக் கவ்வும். விவரம் தெரியாத ஆள் இடைவெளியில் ஒரு துண்டுக் கட்டையைச் செருகி ஆணி அடித்துவிட்டு முட்டுக் கட்டைகளை எடுத்துவிடுவான். இன்றைக்கு நிற்கும், நாளைக்கும் நிற்கும். ஒரு நாள் காற்றோடு மழை அடிக்கும்போது இறங்கும். கீழே நாலு மாடு. காலையும் மாலையும் அங்கேயே குந்திப் பால் கறக்கிற தாமரைச்செல்வி.

சபியா நாலாவது முறையாக எழுந்தாள். அப்சானாவின் கைக்கு இந்த முறை முந்தானை சிக்கவில்லை.

அனீஸைக் கொல்லைப் பக்கம் வரச்சொன்னாள். அவன் கீழவாசலில் ரெடிமேட் கதவு விற்கிறவன். அண்ணன் என்றால் உயிர்.

"தம்பி, முத்துக்குமரன்கிட்டச் சொல்லி உத்திரத்தை ஏத்த வேணாம்னு சொல்லுங்க. ஒருக்கா அளந்து பாத்துட்டு ஏத்தட்டும்."

அனீஸின் கண் ஏற்கெனவே சிவந்திருந்தது. "மதினி, அண்ணன் மய்யித்து உள்ள கெடக்கு. இப்பப் போயி அவரு அறுத்த மரத்தை அளந்து பாருங்கன்னு நான் சொல்லணுமா? என் அண்ணன் அளவு என்னைக்காச்சும் தப்பியிருக்கா? இந்த மதுரையில யாராச்சும் ஒருத்தன் சொல்லட்டும்."

"அவரு அளவு இல்ல தம்பி..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். நான் பிடித்த பிடி என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், கடைசி வேலையைக் கெடுத்தவள் கட்டிய பெண்டாட்டி என்று ஆகும். சொல்லாவிட்டால், குட்டை உத்திரம் அவர் பேரில் நிற்கும். இரண்டும் பொறுக்கவில்லை.

"உள்ள போயி உக்காருங்க மதினி. இனிமே நீங்க இத்தா இருக்கணும். வேலை சோலியெல்லாம் மறந்துருங்க" என்றான் அனீஸ், கொஞ்சம் தணிந்த குரலில்.

இத்தா என்றால் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருப்பு. அது சபியாவுக்கும் தெரியும், இருப்பாள், மறுப்பில்லை. ஆனால் நாலு மாதமும் பத்து நாளும் இந்தச் சுவர்களுக்குள் உட்கார்ந்துகொண்டு, ஓட்டில் தூறல் விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்தக் கொட்டகையை நினைத்து நெஞ்சில் கை வைப்பது அவளால் ஆகாது.

சமையற்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவருடைய வேலைப் பை நேற்று வைத்த இடத்திலேயே, அரிசி டின் பக்கத்தில் இருந்தது. போனும் அதற்குள்ளேயே இருந்தது. தேடி எடுத்த பெயர் 'தாமரை மாடு'. எல்லாரையும் அவரவர் வேலையோடு சேர்த்துத்தான் பதிந்து வைத்திருப்பார். சபியாவின் பெயர்கூட அதில் 'வீடு' என்றுதான் இருக்கும்.

வீடியோவில் தாமரைச்செல்வியின் முகம் வந்ததும் அழ ஆரம்பித்துவிட்டது. "அக்கா... பாய் நம்பர்ல இருந்து வந்ததும் ஈரக்குலையே நடுங்கிப்போச்சுக்கா. எம்புட்டு நல்ல மனுஷன்..."

"அழுவாத. அப்புறமா ரெண்டு பேரும் சேந்து அழுவலாம். உத்திரத்தை ஏத்திட்டாங்களா?"

"இல்லக்கா. டீ குடிச்சிட்டு இருக்காக. இப்ப ஏத்தப் போறாக."

"ஏத்த வேணாம்னு சொல்லு. நீளமா ரெண்டு கம்பு எடு. தொரட்டிக் கம்பு இருக்குமில்ல, அதை எடு. இன்னொண்ணு மூங்கில்."

"கயிறு புடிச்சு அளக்கவாக்கா?"

"கயிறு இழுத்தா நீளும். கம்புதான் பொய் சொல்லாது. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுக்க. ஒரு கம்போட நுனி கிழக்குக் காலைத் தொடணும், இன்னொரு கம்போட நுனி மேக்குக் காலைத் தொடணும். தொட்டதும் நடுவுல இறுக்கிக் கட்டிரு."

தாமரைச்செல்வி போனைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் சாத்தி வைத்தாள். திரையில் பாதி வானமும் பாதி கொட்டகையும் தெரிந்தன. வானம் கருத்துத்தான் இருந்தது. கூரைக்குக் கீழே முட்டுக் கட்டைகள், உத்திரம் இல்லாத வெற்றிடம். ஒருத்தியால் இரண்டு கம்பையும் பிடிக்க முடியவில்லை. ஒன்றை ஒட்டினால் மற்றது இறங்கியது. காதில் பென்சில் செருகிய ஒருவர் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்தார். பக்கத்தூர் ஆசாரி.

"என்னம்மா பண்றீக?"

"பாயம்மா அளக்கச் சொல்றாங்க."

"பாய் அளந்ததை மறுக்கா எதுக்கு அளக்கணும்?" என்று கேட்டபடியே மேற்குக் காலில் கம்பின் நுனியைப் பொருத்திப் பிடித்துக்கொண்டார். தொழில் தெரிந்தவர் கை சும்மா இருக்காது.

கதவு தட்டப்பட்டது. "அக்கா, உள்ள என்ன பண்றீங்க? பெரியவங்க கேக்குறாங்க." அப்சானா.

"தண்ணி குடிக்கிறேன். வாரேன்."

திரையில் கட்டிய கம்பைத் தூக்கிக்கொண்டு உத்திரம் கிடந்த இடத்துக்குப் போனார்கள். ஒரு முனையை உத்திரத்தின் கிழக்கு முனையோடு சரியாகச் சேர்த்து வைத்தார் ஆசாரி. மறுமுனை திரைக்கு வெளியே இருந்தது. சபியா போனை அப்படியும் இப்படியும் திருப்பினாள், ஏதோ அவள் திருப்பினால் அங்கே கேமரா திரும்பிவிடும் என்பதுபோல.

"தாமரை, போனை எடுத்துட்டுப் போயிக் காட்டு. மேக்கு முனையில எம்புட்டு குறையுது?"

படம் குலுங்கியது. மண், வைக்கோல், மாட்டின் கால், பிறகு மரம்.

"குறையலையேக்கா. சரியா முனையோட முனை நிக்குது."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன்க்கா. மயிரிழை கூட வித்தியாசம் இல்ல. அக்கா, இங்கன இன்னொரு கோடு இருக்கு. பென்சில் கோடு. முனைக்குக் கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கு. அதைக் குறுக்க அடிச்சுப்போட்டு, பக்கத்துல ஏதோ எழுதிருக்காரு."

"என்ன எழுதிருக்கு?"

"நாலுன்னு போட்டிருக்குக்கா. நாலைச் சுத்தி வட்டம்."

சபியா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் ஓரத்தில்தான் பிடித்திருக்கிறாள். "நாலு" என்று சொல்லவும் இல்லை. அவரும் முதலில் கழித்துக் கோடு போட்டிருக்கிறார். அப்புறம் அவள் குரல் வராதது உறைத்திருக்கிறது. அடித்துவிட்டு நாலு இன்ச் தள்ளி வேறு கோடு போட்டு, அதில் அறுத்திருக்கிறார். அவள் டீ பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் இவ்வளவும் முடிந்திருக்கிறது. குழம்பில் உப்பு ஒரு கல் கூடினால் தெருவுக்கே கேட்கும்படி கத்துகிற மனுஷன், இதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொல்லவில்லை என்பதும் சரியில்லை. வண்டியில் திரும்பி வரும்போது, நெஞ்சில் வாயு பிடித்ததுபோல இருக்கிறது என்று ஒரு கையால் தடவிக்கொண்டே, "நாளைக்கு அந்தக் கன்னுக்குட்டிய வேற எடத்துல கட்டச் சொல்லணும்" என்றார். கன்று எங்கே கட்டியிருந்தால் இவருக்கென்ன என்று நினைத்து, அவள் சும்மா "ம்" கொட்டினாள்.

"அக்கா, இருக்கீங்களா? ஆசாரி கேக்குறாரு."

திரையில் ஆசாரியின் முகம் வந்தது. கொஞ்சம் கூச்சத்தோடு, "பாயம்மா, இந்த நாக்கைத் தனியாச் செஞ்சு வச்சிருக்காரு பாருங்க. எம்புட்டு உள்ள போகணும்?" என்றார்.

"ஆறு இன்ச். நாக்கு மேலயே கோடு போட்டிருப்பாரு, அது மறையுற வரைக்கும் தள்ளுங்க. பின்னாடி அடிக்கிற ஆப்பு புளியங்கட்டையில செஞ்சு அங்கனயே மஞ்சப் பையில வச்சிருக்கு. ரெண்டு பக்கமும் அடிச்ச பொறவுதான் முட்டுக் கட்டைய எடுக்கணும். ஒண்ணு ஒண்ணா எடுங்க. மாட்டை வெளிய கட்டிட்டு எடுங்க."

"சரிம்மா."

"கன்னுக்குட்டியையும்."

போனை வைத்துவிட்டு அவள் அழுதாள். காலையிலிருந்து வந்த அழுகை ஊருக்கும் உறவுக்குமானது, இது அப்படியில்லை. அரிசி டின்னைக் கட்டிக்கொண்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அந்த மனுஷனை இனி எங்கே போய்ப் பிடிப்பேன் என்று அழுதாள். கதவைத் தள்ளிக்கொண்டு வந்த அப்சானா பார்த்துவிட்டு, நிம்மதியாகப் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அழுதுருங்கக்கா. அடக்கி வைக்காதீங்க. நானும் காலையில இருந்து பாக்குறேன், இருப்புக்கொள்ளாமத் திரியுறீங்களேன்னு."

பன்னிரண்டு மணிக்கு நுஸைபா திருமங்கலம் தாண்டிவிட்டதாகப் போனில் சொன்னாள். சபியா முகம் கழுவிக்கொண்டு வந்து, அப்சானா காட்டிய இடத்தில் உட்கார்ந்தாள். ஆனால் கால் ஆடிக்கொண்டே இருந்தது. போன் மடியில் இருந்தது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் புரட்டிப் பார்த்தாள். தூறல் தொடங்கி நின்றது. ஒரு வழியாகத் தாமரைச்செல்வியிடமிருந்து ஒரு படம் வந்தது. உத்திரம் ஏறியிருந்தது. முட்டுக் கட்டைகள் சுவரோரம் சாத்தியிருந்தன. கன்று வெளியே வேப்பமரத்தில் கட்டியிருந்தது. சபியா படத்தை விரலால் பெரிதாக்கி, அடித்த கோடு தெரிகிறதா என்று தேடினாள். அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை.

அப்போது அனீஸ் உள்ளே வந்தான்.

"மதினி, குழி வெட்ட ஆள் வந்துட்டாங்க. நீளம் கேக்குறாங்க. அண்ணன் டேப் இருக்கா?"

சபியா சமையற்கட்டுக்குப் போய்ப் பையிலிருந்து எடுத்து வந்து கொடுத்தாள். அனீஸ் உள்ளறைக்குள் போய், அண்ணனின் காலடியில் கட்டில் சட்டத்தில் டேப்பின் மூக்கை மாட்டிவிட்டுத் தலைமாட்டுக்கு இழுத்தான். மூக்கு நழுவியது. மறுபடி மாட்டினான். மறுபடியும் நழுவியது. அண்ணனின் டேப்பைத் திட்டவும் முடியாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"இழுங்க, நான் புடிக்கிறேன்" என்றாள் சபியா.

காலடியில் குனிந்தாள். பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். துப்பட்டியின் மேல் குதிகால் முட்டும் இடத்தில் டேப்பை வைத்து, எண் தேய்ந்த பகுதியைத் தாண்டி, கட்டைவிரலை அழுத்தினாள். சரியாக இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டாள்.

"நாலு" என்றாள் சத்தமாக.

கூடத்தில் ஓதிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அனீஸ் தலைமாட்டில் குனிந்து படித்தான்.

"ஆறடி."

"அஞ்சடி எட்டு. நாலைக் கழிச்சுச் சொல்லுங்க தம்பி."

அனீஸ் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "அஞ்சடி எட்டு" என்று குரல் கொடுத்தான். வெளியே யாரோ சரி என்றார்கள். அவன் டேப்பைச் சுருட்டப் பார்த்தான். வரவில்லை.

"மதினி..." என்றான்.

சபியா குனிந்தபடியே இருந்தாள். கட்டைவிரல் கோட்டின் மேல் அழுந்தியிருந்தது. மஞ்சள் தகடு காலடியிலிருந்து தலைமாடு வரைக்கும், அவர் மேலே, நீட்டியபடி கிடந்தது.